பெட்டிக்குள் போட்டால் போதும்

மொரப்பூருக்குப் பக்கத்தில், காது கேளாத பிள்ளைகளின் விடுதி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் சுசித்ரா அங்கே போனபோது, சட்டைப் பையில் வைக்கும் காது மெஷின்களில் பாதி சார்ஜ் இல்லாமல் கிடந்தன. பிள்ளைகள் ஒயரைப் பிடித்து இழுத்ததில், சார்ஜர் சொருகும் இடமெல்லாம் உடைந்து போயிருந்தது.

"ஒயரே வேணாங்க அக்கா. பெட்டியில போட்டாலே ஏறுற மாதிரி செஞ்சு தரேன்" என்றாள் வார்டன் தீர்த்தம்மாளிடம்.

பெட்டியின் அடியில் பெரிய செம்புச் சுருள் ஒன்று. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் குட்டிச் சுருள் ஒன்று. இரண்டின் மின் அதிர்வும் ஒத்துப்போனால் ஒயர் இல்லாமலே மின்சாரம் ஏறும். ஒரு மெஷினைப் போட்டாள். விளக்கு எரிந்தது. தீர்த்தம்மாள் கைதட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் மெஷினைப் போட்டார்கள். மறுநாள் வகுப்பில் முக்கால்வாசி வேலை செய்யவில்லை. சகாயமேரி என்ற சிறுமி தன் மெஷினைக் கழற்றி சுசித்ராவின் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுசித்ராவுக்குச் சுருக்கென்றது.

சோதித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. நெருங்கிக் கிடந்த சுருள்கள் ஒன்றின் அதிர்வை இன்னொன்று கலைத்துவிட்டிருந்தன. மெஷின்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பெட்டிக்குள் தடுப்பு வைத்துப் பார்த்தாள். பிள்ளைகளோ விளையாடப் போகும் அவசரத்தில் எல்லாவற்றையும் குவியலாகக் கொட்டிவிட்டு ஓடினார்கள்.

"அதட்டிப் பழக்கிடலாம், மேடம்" என்றார் தீர்த்தம்மாள்.

"வேணாங்க அக்கா. புள்ளைங்க அப்படித்தான் போடும். பெட்டியத்தான் மாத்தணும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்தாள். ஒரு மெஷின் மின்சாரம் வாங்கும்போது மற்றவற்றின் சுருள்கள் தாமாகவே துண்டித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு அடுத்ததன் முறை. முதல் சர்க்யூட் புகைந்தது. அடுத்தது எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டது. அதையும் பிரித்தாள். கடைசியில் ஒரு நாள், குவியலுக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக மாறி மாறி எரிந்தன. அன்றிரவு சுசித்ரா அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பிள்ளைகள் மெஷினை மாட்டிக்கொண்டதும், சகாயமேரிக்குப் பின்னால் நின்று தீர்த்தம்மாள் தட்டைத் தட்டினார். அவள் வெடுக்கென்று திரும்பினாள். அடுத்த நொடி தட்டைப் பிடுங்கித் தானே தட்ட ஆரம்பித்தாள்.

இரண்டு மெஷினில் மட்டும் இன்னும் சார்ஜ் ஏறியிருக்கவில்லை. குவியலில் நெட்டுக்குத்தலாக நின்றுவிட்டதால், அடியில் இருந்த சுருளுக்கு நேராக அமையாதவை அவை.

"ரெண்டுதானே மேடம், போகட்டும் விடுங்க."

"அந்த ரெண்டும் ரெண்டு புள்ளைங்களோடது அக்கா" என்ற சுசித்ரா, பக்கவாட்டில் இன்னொரு சுருள் வைக்கப் பெட்டியின் பலகையைக் கழற்ற ஆரம்பித்தாள்.