அதுவரைக்கும் ஒரு மறைப்பு

ராக்காயி மலைத்தண்ணீர் விழும் பீலியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, அவளைக் குளிப்பாட்டுவது அந்த வீட்டில் பெரிய வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே சாக்கை விரித்து உட்காரவைத்து, மகள் பூரணி தண்ணீர் ஊற்றுவாள். ஈரம் அடுப்புவரை ஓடும். மெழுகின தரை இரண்டு நாளைக்குக் காயாது. டயகமக் குளிரில் அந்த ஈரத்தின்மேல்தான் நாலு பேரும் படுக்க வேண்டும்.

பூரணிக்குப் பதினாலு வயது. அவள் குளிக்கப் பீலிக்குப் போனால், மேல் ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் செருப்பு வார் அறுந்துபோகும். ராக்காயியின் மாமனார் இராமையாவுக்குக் கண் தெரியாது. அவர் குளித்து எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

அவர்களுடையது லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா. பக்கவாட்டில், சுவருக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில் ஆறடி இடம் சும்மா கிடந்தது. ராக்காயியின் புருஷன் அழகுமுத்து அங்கே குளிக்க ஒரு மறைப்புக் கட்டுவதென்று முடிவுசெய்தான். பூரணி கரித்துண்டால் சுவரில் படம் போட்டாள். ராக்காயி படி வேண்டாம் என்றாள். உட்கார ஒரு கல் வேண்டும், பிடித்து எழும்ப ஒரு கம்பு வேண்டும். பூரணிக்குக் கதவும் உள்பக்கம் கொண்டியும் வேண்டும். கிழவர் காம்பரா வாசலிலிருந்து மறைப்புவரைக்கும் ஒரு கயிறு கேட்டார்.

“கட்டி மட்டும் வுடு. மாட்டை ஓட்டுற மாதிரி என்னைய நானே ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்.”

“ஒனக்கு என்னப்பா வேணும்?” என்று பூரணி கேட்டாள்.

“மிச்சத் தண்ணி வேணும்” என்றான் அழகுமுத்து.

தேயிலைத் தோட்டத்து இடத்தில் ஒரு முளை அடிக்கவும் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் சொன்னபோது அவர் சிரித்தார். இன்றைக்கு மறைப்புக் கட்ட விட்டால் நாளைக்கு இடமே எங்களுடையது என்பீர்கள், துரைக்கு அந்தப் பயம் இருக்கிறது என்றார். அன்று முழுக்க முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறும்போது அழகுமுத்து அந்தப் பயத்தைப் பற்றியே யோசித்தான். சாயங்காலம் மத்தியாஸ் வாத்தியாரிடம் போனான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவர்தான் வாத்தியார்; துரைக்கு மனு என்றால் இங்கிலீசில் எழுதித் தருகிறவரும் அவர்தான்.

வீட்டு நிலைமையை எல்லாம் எழுதச் சொன்ன பிறகு, அழகுமுத்து தான் கண்டுபிடித்து வைத்திருந்ததைச் சொன்னான். “நாங்க என்னைக்கா இருந்தாலும் ஊருக்குப் போறவங்கதான், அதுவரைக்கும் ஒரு மறைப்பு, அப்பிடின்னு போடுங்க. தொரைக்குப் பயம் தெளிஞ்சிரும்.”

வாத்தியார் பேனாவை நிறுத்தினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தொன்றில், நாலு பேருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனு எழுதியதும் அவர்தான். இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கப்போகிறோம் என்று அதில் எழுதியிருந்தார். விசாரணை இன்னும் வரவில்லை.

“வேணாம் அழகுமுத்து. அந்தக் கேஸ் கெடக்கு.”

“அது கவுருமெண்டுக்கு, இது தொரைக்கு. ரெண்டும் எங்கங்க சந்திக்கப் போகுது?”

அழகுமுத்து பிறந்ததே அந்த லயத்தில்தான். ஊர் என்றால் இந்தியா; நடுவில் கிடக்கிற கடலைக்கூட அவன் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரியில் அவனுக்குப் பெருமை இருந்தது. வாத்தியார் எழுதினார். அவன் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினான்.

ஒரே வாரத்தில் துரை அனுமதித்துவிட்டார். தார் பீப்பாயை வெட்டித் தட்டிச் சுவர் வைத்தார்கள். தேயிலைப் பெட்டிப் பலகையில் கதவு செய்தார்கள். ராக்காயிக்குக் கல், கிழவருக்குக் கயிறு, எல்லாம் படத்தில் இருந்தபடியே வந்தன. முதல் நாள் ராக்காயி உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து நுவரெலியாவில் விசாரணை. பிறப்புச் சீட்டு, தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோலில் பேர் பதிந்த நகல் எல்லாவற்றையும் அழகுமுத்து துணியில் சுற்றிக் கொண்டுபோனான். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, துரையின் கந்தோரிலிருந்து வந்திருந்த கோப்பைப் பிரித்தார். மொழிபெயர்க்கிறவர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

“இது ஒன் கைநாட்டா?”

“ஆமாங்க.”

“ஊருக்குப் போறவங்கன்னு எழுதியிருக்கே. எந்த ஊருக்கு?”

அவனுக்கு ஊர்ப் பெயர் தெரியாது. அப்பனுக்குத்தான் தெரியும்.

“அது குளிக்கிறதுக்கு எழுதுனதுங்க ஐயா” என்றான்.

மொழிபெயர்க்கிறவர் அதை இங்கிலீசில் சொன்னார். அதிகாரிக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். அதிகாரி எதையோ எழுதிக் கோப்பை மூடினார்.

கடிதம் ஐப்பசி மழையில் வந்தது. நாலு பேருடைய மனுவும் தள்ளுபடி. வாத்தியார் வாசித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழகுமுத்துவுக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தவன் உள்ளே போகவில்லை. விறகுக் கட்டிலிருந்து கோடரியை உருவிக்கொண்டு, வெட்டிச் சாய்க்க நேரே மறைப்புக்குப் போனான். தகரத்துக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“யாரு? கொண்டி போட்டிருக்கு” என்றாள் ராக்காயி உள்ளேயிருந்து.

“நான்தான். குளி.”

அவன் கானோரத்தில் மழையில் குந்தி, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அவள் கம்பைப் பிடித்து எழும்பி, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். மாற்றுத் துணியோடு நின்றிருந்த பூரணி உள்ளே போய்க் கொண்டியைப் போட்டாள். வாசலில் கிழவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்கு நின்றார்.