பஞ்சலிங்கத்துக்குப் பருக்கிய பால்

சீ, இதுகளும் ஒரு சொந்தமா என்று பராசக்திக்கு அருவருத்தது. அவளுடைய கணவன் பஞ்சலிங்கம் கண்ணை மூடிக் கிடக்கிறான். தலைமாட்டில் அவனுடைய அண்ணன் தியாகராசா வெள்ளிக் கிண்ணத்தில் பாலோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் உடுவில் ஊரில் பாதி வரிசையில் நிற்கிறது, ஆளுக்கொரு கரண்டி கடைசிப் பால் பருக்க.

பாரிசவாதம் விழுத்தி நாற்பது நாள். கைகால் போனதைவிடத் தொண்டை போனதுதான் பெரிய கேடு. பச்சைத் தண்ணீர்கூடச் சுவாசப்பைக்குள் போய்விடும் என்று மூக்குக் குழாயால்தான் சாப்பாடு.

"இருமிக் கக்கப் பலம் வந்தால்தான் குழாயைக் கழட்டலாம். அதுமட்டும் வாயாலை ஒரு சொட்டும் குடுக்காதேங்கோ, ஆள் தப்பாது" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரி மிஸ் யசிந்தா பயிற்சி காட்டிவிட்டாள். யுத்தப் பொருளாதாரத் தடைக்காலத்தில் வேறு சாமான் ஏது? அரைப் போத்தல் தண்ணீர், அதற்குள் ஒரு சேலைன் குழாய். அதைக் கவ்விக் குமிழி வர ஊத வேண்டும், வேளைக்கு இருபத்தைந்து தரம். மூச்சைத் தள்ளும் தசைகள் அப்படித்தான் உரமேறுமாம்.

கண்றாவி! கோணிய வாயால் வீணி வழியும். சளி குழாய்க்குள் ஏறும். போத்தல் நாறும். அதைக் கழுவிக் கழுவிப் பராசக்திக்குச் சோறே இறங்குவதில்லை. ஆனாலும் ஒரு வேளை தவறவிட்டாளில்லை.

இன்று ஊதி முடித்து அவன் மூச்சு வாங்கிக் கிடந்ததைக் கண்ட மச்சாள் சிவக்கொழுந்து, "ஐயோ, சேடம் இழுக்குது, உயிர் போகப்போகுது!" என்று ஊரைக் கூட்டிவிட்டாள்.

"அத்தான், பருக்காதேங்கோ!" என்று பராசக்தி தியாகராசாவை மறித்தாள். "அவர் ஊதிக் களைச்சுக் கிடக்கிறார். உது சேடமில்லை!"

"விசர்க்கதை கதையாதை. கூடப்பிறந்தவன் பால் பருக்காட்டி அவன்ரை கட்டை வேகாது."

அவள் அவருடைய கையைத் தட்டுவதற்குள் ஒரு கரண்டி உள்ளே போய்விட்டது.

பஞ்சலிங்கத்தின் கண் பிதுங்கியது. முகம் நீலம் பாரித்தது. சிவக்கொழுந்து ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். பராசக்தி பாய்ந்து அவனை நிமிர்த்தி, "ஊதுங்கோ! ஊதுங்கோ!" என்று கத்தினாள்.

நெஞ்சு ஒருதரம் எக்கியது. ஒரு இருமல்! பாலும் சளியும் வீணியுமாகத் தமையனின் முகத்திலும் சால்வையிலும் அடித்தது.

"சீக், அரியண்டம்!" என்று துள்ளினார் தியாகராசா.

இன்னும் இரண்டு தரம் இருமினான். நீலம் வடிந்தது. நாற்பது நாளாகப் பேச்சில்லாத வாய் மெல்ல அசைந்தது.

"போ."

"ஆரையடி சொல்லுறான்?"

"உங்களைத்தான் அத்தான். கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ" என்றாள் பராசக்தி.