ஏழு மணி வண்டியின் உட்பக்கம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளின் கணவர் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி வண்டியில் ஏறி உள்ளே போனார். நாலு வருஷம் இரண்டு மாதம் கழித்துத்தான் இறங்கினார். வெளியே நின்று அளந்தால் வண்டியின் நீளம் முப்பத்தாறு அடி, கதவு ஒன்று. இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஓடுகிற வண்டிகளில் டிக்கெட் மலிவு அதுதான். மற்ற வண்டிகள் மூன்றரை மணி நேரத்தில் போகிற தூரத்தை அது ஆறு மணி நேரத்தில் போகும், கை காட்டின இடத்திலெல்லாம் நிற்கும், சன்னல் கண்ணாடி ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது. ஆனாலும் கூட்டம் அம்மும். படிக்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வீடு ஓர் ஊரிலும் வேலை ஓர் ஊரிலுமாக மாட்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் அந்த வண்டிதான் கதி.

உள்ளே அத்தனை இடம் வந்ததற்குக் காரணம் கண்டக்டர். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று மலிவு வண்டி ஓடிய தடத்தில் நிர்வாகம் இரண்டை நிறுத்திவிட்ட வருஷம், படியில் தொங்கியவர்களைப் பார்த்து அவரும் ஊரிலுள்ள எல்லாக் கண்டக்டர்களையும் போல, “உள்ள போங்க, எடம் இருக்கு” என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னார். இடம் இருந்தது. முதல் நாள் நாலு வரிசை கூடுதலாக இருந்ததாக ஞாபகமுள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் கடைசி வரிசை எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதாதா என்ன? இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நடக்க ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். பாலத்தில் இறங்குகிறவர்கள் சிமென்ட் ஆலையின் புகைபோக்கி கண்ணில் பட்டதுமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

லென்ஸ்காரியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். திங்கள் முதல் சனி வரை வண்டி போய்ச் சேருகிற நகரத்தில் வேலை, ஞாயிறு வீடு. நல்ல மனுஷர், வம்பே அதுதான். யார் எது சொன்னாலும் தட்ட மாட்டார். தானே பழுது பார்த்த லிஃப்டின் முன்னால் நின்று, வருகிறவர்களையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசியில் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறுகிற ரகம். அந்தத் திங்கட்கிழமை கண்டக்டர் உள்ளே போகச் சொன்னார், போனார். பிறகு ஒரு பெண் குழந்தையோடு நிற்கிறாள் என்று தள்ளிக்கொண்டார், ஒரு பெரியவர் கம்பியைப் பிடிக்க வேண்டும் என்று இன்னும் தள்ளிக்கொண்டார். இறங்கலாம் என்று திரும்பினபோது எதிரே வந்தவர்களுக்கு வழி விட்டார். இப்படி வழி விட்டு வழி விட்டு, சாயங்காலத்துக்குள் எங்கேயோ போய்விட்டார். செல்போன் நாற்பது வரிசைக்கு மேல் எடுக்காது.

அந்த வண்டியில் சில்லறையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கண்டக்டரிடம் அனுப்புவார்கள், டிக்கெட் அதே கைகளில் திரும்பி வரும். நடுவில் ஒரு பைசா தொலைந்ததில்லை. லென்ஸ்காரியும் அந்த வழியைத்தான் பிடித்தாள். திங்கட்கிழமைதோறும் துவைத்து மடித்த சட்டைகளைப் படியில் நின்றபடி உள்ளே நீட்டுவாள். அடுத்த வாரம் அழுக்குச் சட்டைகள் அதே கைகளில் வந்து சேரும். கடிதமும் எழுதிப் பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தன்னுடைய டிக்கெட் என்று நினைத்துப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். அதனால் வாய்வார்த்தையாகவே சொல்லி அனுப்பினாள். “உடனே வாங்க” என்பதுதான் அவள் சொன்னது. எத்தனை வாய், எத்தனை காது! அது அவரிடம் போய்ச் சேரும்போது “உடம்பப் பாத்துக்குங்க” என்று ஆகியிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “சரி” என்று சொல்லி அனுப்பினார். ஒற்றை வார்த்தை ஆனதால் அது மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது.

சரி என்றால் சரிதானே? அவள் பேச்சை நம்புகிறவள். வாராவாரம் உடனே வரச் சொன்னாள், வாராவாரம் சரி என்று பதில் வந்தது, வாராவாரம் காத்திருந்தாள். அண்ணன் வேறெங்கோ குடித்தனம் வைத்துவிட்டான் என்று நாத்தனார் ஜாடைமாடையாகப் பேசினபோது, லென்ஸ்காரி தேய்ப்புக்கல்லை நிறுத்தாமலேயே, உங்க அண்ணனுக்குச் சொந்த வீட்டுக்குள்ள நுழையவே ஒருத்தர் ‘வாங்க’ன்னு சொல்லணும், இன்னொரு வீட்டுக்கு எங்க போகப்போறார் என்று கேட்டாள். ஆனாலும் நாலு வருஷம் என்பது நாலு வருஷம்தான். படுக்கையில் அவர் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அவள் அழுத நாட்களும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை கண்டக்டர் படியிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார். “தங்கச்சி, இந்த மாசக் கடைசியோட எனக்கு ரிட்டயர்மென்ட். அதுக்கப்புறம் உள்ள எடம் இருக்குமான்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். தெரியாததைத் தெரியும் என்று அவரால் சொல்ல முடியாது என்பது ஊருக்கே தெரியும். எட்டு நாள் இருந்தது. அவள் அன்றே கடைக்குப் போய், வரிசையில் கிடந்த பதினொரு ஜோடி லென்ஸையும் பிரேமுக்குத் தக்கபடி விளிம்பு தேய்த்து முடித்தாள். முதலாளியிடம் லீவு கேட்கவில்லை, லீவு என்று சொன்னாள். மறுநாள் ஏழு மணி வண்டியில் ஏறினாள்.

அவள் நடை வேறு. “வழி விடுங்க” என்று ஒரு முறைதான் சொல்வாள்; அதற்குள் கடந்திருப்பாள். முதல் நாள் அன்றாடப் பயணிகளைத் தாண்டினாள். இரண்டாம் நாள், இறங்குகிற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டவர்களின் பகுதி வந்தது. பிடிகம்பியில் சட்டை காய்ந்தது, ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார், சன்னலுக்கு வெளியே விற்கிறவர்கள் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு பையனுக்கு உள்ளேயே பெண் பார்த்து, உள்ளேயே கல்யாணம் ஆகி, குழந்தைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்ற வயதும் வந்துவிட்டது. எல்லோருமே லிஃப்ட் மெக்கானிக்கை அறிந்திருந்தார்கள். தங்கமான மனுஷன், இந்த சீட்டே அவர் கொடுத்ததுதான் என்றார்கள். கொஞ்சம் முன்னால்தான் இருப்பார் என்றார்கள்.

மூன்றாம் நாள் முற்பகலில் அவரைக் கண்டுபிடித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாலு வருஷமும் நின்றிருக்கிறார். காலியான ஒவ்வொரு சீட்டுக்கும் அவரைவிடக் களைத்த ஒருவர் எப்படியோ வந்து சேர்ந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது, அது முடிவதற்குள் கோபம் வந்தது.

“நாலு வருஷமா சரி, சரின்னு சொல்லி அனுப்புனீங்களே. ஏன் வரல?”

“உடம்பப் பாத்துக்கச் சொன்னே. பாத்துக்கிட்டேன்” என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். கை வந்தது, ஆள் வரவில்லை. எதிரே வருகிறவருக்கெல்லாம் அவர் ஒதுங்கினார். பின்னால் வருகிறவரை முன்னே விட்டார். விழுந்த ஒரு பையை எடுத்துக் கொடுக்கப் பத்தடி உள்ளே போனார். ஒரு மணி நேரம் நடந்த பிறகு பார்த்தால், புறப்பட்ட இடத்தைவிட இரண்டு சன்னல் உள்ளே இருந்தார்கள். லென்ஸ்காரி நின்றுவிட்டாள். பார்வை எங்கே குறைகிறது என்று பார்த்ததும் சொல்லிவிடுகிற பழக்கம் அவளுக்கு.

“எறங்கணும்னு சொல்லுங்க” என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இவ்வளவு பேருக்கும் இடைஞ்சலாக இருக்குமே என்றார். நீயே சொல்லிவிடேன், உனக்கு நன்றாகக் குரல் எழும்பும் என்றார்.

“நான் சொன்னா வண்டி நிக்கும். ஆனா அடுத்த திங்கக்கிழம மறுபடியும் உள்ள போயிருவீங்க. இத்தன பேருக்கு எடஞ்சல்னு பாக்கறீங்க. நான் ஒருத்தி நாலு வருஷமா கெடந்தேனே, அது எடஞ்சல் இல்லையா?”

அவள் உதவவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், சொல்லாவிட்டால் தானும் இங்கேயே நின்றுவிட வேண்டியதுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். முதல் தடவை சொன்னது அவளுக்கு மட்டும் கேட்டது. இரண்டாம் தடவை பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதிலேயே அவர் பாதி சுருங்கிப் போனார். அவள் கண்ணைப் பார்த்தார். மூன்றாம் தடவை லிஃப்ட் குழியின் அடியிலிருந்து மேல்மாடிக்குக் குரல் கொடுப்பாரே, அந்தக் குரலில் சொன்னார்.

“எறங்கணும். வழி விடுங்க.”

விசில் ஒலித்தது. வண்டி நின்றது. கதவு நாலு எட்டில் இருந்தது. அதுவரை அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. இறங்க வேண்டியவர் இறங்க வேண்டியதுதானே என்று கால்களை மடக்கி வழி விட்டார்கள். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, இந்த நிறுத்தம்தானா என்று மட்டும் கேட்டார். இதுவேதான் என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

உள்ளே இருந்த மற்றவர்கள் மாதத்தின் கடைசி இரண்டு நாளில் இறங்கினார்கள். முழுதும் இறங்கி முடிக்க இரண்டு பகல் பிடித்தது. வண்டி புறப்படத் தாமதமானதற்குக் காரணம் பயணிகள் இறங்கியது என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். புதுக் கண்டக்டர் சாதாரண மனிதர், வண்டியும் உள்ளே முப்பத்தாறு அடியாயிற்று. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு இருவரும் இறங்கின இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சும் கொஞ்சம் நிழலும் இருந்தன. அவர் போய் பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கையையும் விரித்துக்கொண்டார். அவளுக்கு விளிம்பில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். அந்த ஒரு சாணில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தவள், சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊர்ப் பக்கம் போகிற ஏசி வண்டி ஒன்று வந்து நின்று, ஏறுங்கள் என்றது. வேண்டாம் என்று இருவருமே கையசைத்தார்கள். ஏழு மணி வண்டி திரும்பி வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது, மலிவு அதுதான்.