காய்ச்சலுக்குப் பதிலி

மில் வாசலில் பந்தல் போட்டு, மைக் கட்டி, எங்களை வெயிலில் நிற்க வைத்து அந்த அதிகாரி பேசினார். "இனிமேல் உங்கள் நோய் எங்கள் கவலை" என்றார். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்போம், சீக்கு வந்தால் ஊசி, மருந்து, கட்டில் எல்லாம் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் இனாம் என்றார். நூல் சுற்றும் ரீலிங் பகுதிப் பெண்கள் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அந்தக் கையை ஒடித்து அடுப்பில் வைத்தால் என்ன என்று இன்றைக்கும் தோன்றும்.

இனாமாம்! என் கூலியில் பிடித்துக்கொண்டு, அதற்குப் பேர் இனாமாம்.

மறு வருஷம், ஐம்பத்தேழில், கப்பலில் வந்திறங்கிய ஃப்ளூ காய்ச்சல் ரயிலேறி எங்கள் புதுக்கோட்டைச் சீமைக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு முனகல். பெரும்பாலானவர்கள் கஞ்சியும் கசாயமும் குடித்து எழுந்துவிட்டார்கள். என் தங்கச்சி ராசாத்தி எழவில்லை. தாலியறுத்த பிறகு நான் என் பிள்ளையோடு அவள் வீட்டில்தான் இருந்தேன். அவள் புருஷன் உடையப்பன் கிணறு வெட்டப் போகிறவன், அவள் களையெடுக்கப் போகிறவள். மில் வேலை எனக்கு மட்டும்தான்.

காய்ச்சல் அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டாள். தர்ம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. பென்சிலின் தீர்ந்துபோச்சு, வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரிடம் சொல்லி அனுப்புவார்கள், எமனிடமா?

என் இன்சூரன்ஸ் கார்டைக் கொடுத்து, இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் கேட்டு வரச் சொல்லி உடையப்பனை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மில்லுல வேலை பாக்குறவுகளுக்கு மட்டுந்தானாம், மதினி. குடும்பத்தைச் சேக்குறதப் பத்தி மேல யோசிக்கிறாகளாம். சட்டம் மாறுமாம்" என்றான்.

"எப்ப மாறுமாம்?"

"அதக் கேட்டதுக்குத்தான் வெளிய போன்னுட்டாக."

அங்கே கட்டில்கள் காலியாகக் கிடந்தன என்றும், கண்ணாடி அலமாரியில் மருந்துக் குப்பிகள் வரிசையாக இருந்தன என்றும் அவன் சொன்னான்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வர முடியாதவள் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்து அக்காவையோ தங்கச்சியையோ அனுப்பி வைப்பாள். அவளுக்குப் பதிலி என்று பேர். எனக்குப் பிள்ளை பிறந்த சமயத்தில் ராசாத்திதான் என் டோக்கனோடு போய் நூல் சுற்றினாள். மேஸ்திரிக்கும் தெரியும். 'செவந்தி' என்று என் பேரைக் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று ஒரு குரல் வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. எங்கள் மூளைக்கு அதுதான் எட்டியது. வேலைக்குப் பதிலி போகலாமென்றால் காய்ச்சலுக்குப் போகக் கூடாதா? பிடித்தது என் கூலி. எனக்கு வராத காய்ச்சலுக்கு உண்டான மருந்து அங்கே சும்மா கிடக்கிறது. அதை இவளுக்குப் போட்டால் எவன் அப்பன் வீட்டுச் சொத்து குறைந்துவிடப் போகிறது?

நானே அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். அவள் செவந்தியானாள், நான் தங்கச்சி ராசாத்தியானேன். டாக்டர் ஆத்மநாதன் கார்டைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், உடனே கட்டில் கொடுத்தார், ஊசி போட்டார். செவந்திக்குக் காய்ச்சல் என்று மில்லுக்கும் சீட்டுப் போனது. மறுநாள் காலையில் அவள் கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றாள். பாவி மகள், எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கஞ்சி வாங்கி வர ஓடினேன்.

நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஊசியோடு வந்த நர்சம்மா, "செவந்தி" என்று கூப்பிட்டிருக்கிறார். காய்ச்சல் மயக்கத்தில் இவள் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்: "அக்கா மில்லுக்குப் போயிருக்குங்க. சாயங்காலம் வரும்."

ஊசி நின்றது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை.

"ஆமாங்க, நான்தான் செவந்தி. திருடிதான். போலீசுல புடிச்சுக் குடுங்க. ஊசிய மட்டும் நிறுத்தாதீங்க."

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஆனா தெரிஞ்சே குடுத்தா என் வேலை போயிரும். பேரு சொல்லாம திருச்சி ஆபீசுக்குத் தந்தி குடுத்துக் கேட்டிருக்கேன். ஆர்டர் வந்துரட்டும்."

"ஆர்டர் வர்ற வரைக்கும் அவ மூச்ச நிறுத்தி வைக்கச் சொல்றீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையை வைத்து நான் என்ன செய்ய? காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார். உடையப்பன் டவுனில் மருந்துக்கடை கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தான். அலமாரியில் குப்பிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணாடியை உடைத்து எடுத்திருப்பேன், ஊசி போட யார் வருவார்கள்? திருச்சியிலிருந்து ஆர்டர் வரவில்லை. உச்சிப்பொழுதில், என் மடியில் தலை வைத்தபடி ராசாத்தியின் மூச்சு அடங்கியது.

வாய்விட்டு அழக்கூட விடவில்லை. ஆஸ்பத்திரி கிளார்க் பெரியண்ணன் ஓடிவந்து அறைக் கதவைச் சாத்தினார். உடையப்பனையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார்.

"சத்தம் போடாத, தாயி. டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். செவந்தி குணமாகி வீட்டுக்குப் போயிட்டான்னு எழுதிப்புடுறோம். விசாரணை கெடையாது, போலீசு கெடையாது. நீ நாளைக்கே வேலைக்குப் போகலாம். வண்டியில ஒக்கார வச்சாப்புல கொண்டு போயிருங்க. ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டுற வரைக்கும் அழுவாதீங்க, அம்புட்டுத்தான்."

நல்லது செய்வதாகத்தான் அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உடையப்பன் என்னைப் பார்த்தான்.

"ஒங்க வேலைய நம்பித்தான் வீடு கெடக்கு, மதினி. நீங்க என்ன சொல்றீகளோ அதான்" என்றான். சொல்லும்போதே அவன் உதடு கோணிக்கொண்டு போனது.

யோசித்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன். வேலை போனால் பிள்ளைக்குச் சோறு ஏது? ஆனால் இவளைச் சேலையால் கட்டி, உயிரோடு இருக்கிறவள் மாதிரி வண்டியில் சாய்த்து வைத்து, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதே அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலில் இத்தனை பேரைக் குணப்படுத்தினோம் என்பார். அந்தக் கணக்கில் இவளும் ஒருத்தி!

"குணமாயிட்டாளா?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எங்கய்யா குணம்? வந்து தொட்டுப் பாரு. குளுந்து கெடக்காளே, இதான் ஒங்க ஊருல குணமா?"

"ஒன் நல்லதுக்குத்தாம்மா..."

"என் நல்லது எனக்குத் தெரியும். பேனாவ எடுய்யா. ராசாத்தி, உடையப்பன் பொஞ்சாதி, காய்ச்சல்ல செத்தா. மருந்து இருந்துச்சு, குடுக்கல. எழுது."

"கார்டு நம்பர் கேப்பாங்களேம்மா. என்னன்னு எழுதுறது?"

"அவளுக்குக் கார்டு கெடையாது. அதையும் எழுது."

அவர் எழுதி முடிக்கும்வரை நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிறகு கதவை எட்டி உதைத்துத் திறந்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி ராசாத்தி என்று அவள் பெயரைச் சொல்லி அழுதேன்.