ஊதா ஒளியில் ஒரு பிடி கடலை

ஆலங்குடி கடலை மண்டிக்குள் வருகிற எவரும் கேட்காமலே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். கடலையில் பிடிக்கிற பூஞ்சை நஞ்சை ஆராய்கிற பிளெஸ்ஸியோ கடலை தின்று வருஷக்கணக்காயிற்று, பயம்.

நஞ்சு அதிகமென்று திரும்பி வந்த பருப்பை அன்று, சூடாக்காமலே நஞ்சை முறிக்கத் தான் செய்த குளிர் பிளாஸ்மா பெட்டிக்குள் வைத்தாள். ஊதா ஒளி சடசடத்தது. பருப்பில் சூடே ஏறவில்லை. அதில் கொஞ்சத்தை அரைத்துக் கரைத்துச் சோதனைப் பட்டையில் விட்டு நிமிர்ந்தால், மண்டிக்காரர் வீரய்யாவின் தாடை அசைந்துகொண்டிருந்தது.

“துப்புங்கண்ணே, இன்னும் ரிசல்ட்டு வரல.”

“முழுங்கிட்டேனே தாயி. கைப்பழக்கம்.”

இருவரும் பட்டையையே பார்த்தார்கள். இரண்டாவது கோடு வந்தால் நஞ்சு அளவுக்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம். வெகுநேரம் ஒரே கோடுதான். பிறகு அதனடியில் மெல்ல ஒரு சிவப்பு இழை ஊறி வந்தது.

வீரய்யா வேர்வையைத் துடைப்பதற்குள், பிளெஸ்ஸி தட்டில் மீதியிருந்த அந்தப் பருப்பில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டிருந்தாள்.