ஆயுத பூஜையும் நாலு பெட்டிகளும்

ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் நின்றாக வேண்டும். லட்சுமிநாராயணனிடம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. துடியலூரில் அவருடைய நூல் மில் ஓடிய காலம் முழுக்க அப்படித்தான். இப்போது அந்த ஷெட்டில் டேட்டா சென்டர் ஓடுகிறது. அதனால் என்ன? சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றுவிட்டார் மனுஷன்.

மகள் ஹாரிகா ஓடிவந்து குறுக்கே நின்றாள். ஊரிலுள்ள ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் அந்த சர்வர்களில்தான் ஓடுகிறது. நிறுத்துவதாவது!

அதோடு, பூஜை முடிந்ததும் அப்பா ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து ஷெட்டுக்கும் டேட்டா சென்டரை விரிக்கப் போகிறார்கள். யாருடைய திட்டத்தை அப்பா எடுக்கிறாரோ, அவருக்கே ரெண்டு ஷெட்டின் பொறுப்பும். சர்வர்களுக்கு நடுவே தகவலைத் திருப்பிவிட, அண்ணன் வம்சிக்கு ஒரே பெரிய பெட்டி வேண்டும், யானை விலையில். ஹாரிகா இங்கே போட்டிருப்பது மலிவான நாலு சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு சர்வர் அலமாரியிலிருந்தும் நாலுக்கும் கேபிள் போகும். ஒன்று படுத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். வேலை கூடினால் இன்னும் ரெண்டு வாங்கிச் சேர்க்கலாம். "விளையாட்டுச் சாமான்" என்பான் வம்சி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்பா, மொத்தமா நிறுத்த வேண்டாமுங்க. இந்தப் பெட்டிகளை ஒண்ணொண்ணா நிறுத்திப் பொட்டு வெச்சுப்போடலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, பட்டப்பகலில், வேலை நெரியும் நேரத்தில் அவள் ஒரு நாளும் நிறுத்திப் பார்த்ததில்லை.

கற்பூரத்தை வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே புகை போனால் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். முதல் பெட்டிக்கென்று அவள் காட்டிய பிரேக்கரை அப்பா இறக்கினார். ரெண்டு பெட்டிகள் அணைந்தன.

"நாந்தான் சொன்னனே!" என்றான் வம்சி.

ஐயோ! ஹாரிகா கண்காணிப்புத் திரைக்கு ஓடினாள். தகவல் ஓட்டத்தைக் காட்டும் கோடு சறுக்கியது, தடுமாறியது, பிறகு மெல்ல நிமிர்ந்தது. மிச்சம் ரெண்டும் தாங்கிக்கொண்டன. எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வரவில்லை.

"ஒண்ணுதானே நிக்கோணும், அம்மணி?" என்றார் அப்பா.

வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ற தப்புங்கப்பா. ரெண்டையும் ஒரே கரண்ட் லைன்ல மாட்டிப்போட்டேன். இன்னிக்கு நிறுத்தலீன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதுங்க."

அப்பா அணைந்த ரெண்டுக்கும் சந்தனம் வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, உன்ற பெரிய மெஷினை எப்ப நிறுத்திப் பூஜை போடறது?"

"அதை நிறுத்தவே முடியாதுங்கப்பா, எல்லாமே நின்னுபோகுமுங்க." சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ஷெட்டுக்கு யார் பொறுப்போ அவர்தான் வாசலில் பூசணிக்காய் உடைப்பது மில் வழக்கம். போன வருஷம் வரைக்கும் உடைத்தவன் வம்சி. இந்த வருஷமும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

அப்பா காயைக் கொடுக்கவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு, காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"லைனைப் பிரிச்சு மாட்டிப்போட்டு வா, அம்மணி," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "நீ வந்து ஒடைக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருக்கறேன்."