இரண்டாவது பொத்தான்

ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வீடியோ ஓட்டிக் கொடுக்கிறவளுக்கு, சொந்தத் தம்பியின் கல்யாண வரவேற்பு என்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலேயே மண்டபத்துக்கு வந்து, மேடைக்கு எதிரே மேஜை போட்டு, இரண்டு கணினிகளையும் திறந்து வைத்துவிட்டாள். கூட வந்த கணவர் ஸ்பீக்கர் வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் வைஃபையைத் துண்டித்தாள். அப்டேட்டை நிறுத்தினாள். திரை தானாக அணைந்துபோவது, மூலையில் எட்டிப் பார்க்கிற அறிவிப்புகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒழித்துக் கட்டினாள். ஒருமுறை ஒரு கம்பெனி விழாவில், முதலாளி கண்கலங்கி அப்பாவைப் பற்றிப் பேசும்போது, திரையில் அவர் மூக்கின் மேலேயே ‘உங்கள் கணினிக்கு ஆபத்து’ என்று ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. சனியன், அன்றைக்குப் போன மானம்! அதிலிருந்து பென்டிரைவிலிருந்து நேராக எதையும் ஓட்ட மாட்டாள். கணினிக்குள் ஏற்றி, தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்த பிறகுதான். சார்ஜர் பிளக்கையும் டேப் போட்டு ஒட்டிவிடுவாள். எவனாவது போனுக்குச் சார்ஜ் போட அதைப் பிடுங்குவான், பிடுங்காமல் இருக்கவே மாட்டான்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு காப்பு உண்டு. இரண்டாவது கணினியிலும் அதே வீடியோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி. படம் நின்றுபோனால் பெட்டியின் இரண்டாவது பொத்தானைத் தட்டுவாள், திரை அடுத்த கணினிக்குத் தாவிவிடும்.

தம்பி கொடுத்த வீடியோவை முழுவதும் ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். மைக்கைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டிவிடும். அதனால்தான் மணப்பெண்ணிடம் சொல்ல நினைத்ததை வீட்டில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்திருந்தான். அவள் பெயரின் முதல் எழுத்து மட்டும் அவன் தொண்டையைத் தாண்டாது. பழகிய நாளிலிருந்து அவளை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டு வந்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த வீடியோவில் பாவி, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்க்கிறான். வாய் திறந்தபடியே இருக்கிறது. கண் அசையவில்லை. ஒரு சத்தமில்லை. பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு அப்படியே இருந்துவிட்டு, பிறகுதான் பெயர் வருகிறது.

உடனே அவனைக் கூப்பிட்டாள். “டேய், அந்த இடத்தை மட்டும் வெட்டிடறேன்டா. யாருக்கும் தெரியாது.”

“வெ... வெட்டாதக்கா.”

“பொண்ணு வீட்டுக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் நீ தலைகுனியணுமா?”

“எத்தனையோ த... தடவை எடுத்து, இதுலதான் பேர் வந்துச்சு. இருக்கட்டும்.”

சரி சரி என்று தலையாட்டி அனுப்பினாள். ஆனால் அக்கா இல்லையா? கடையில் ரொட்டி கேட்பதிலிருந்து டாக்டரிடம் வயிற்றுவலியைச் சொல்வதுவரை அவனுக்கும் சேர்த்துப் பேசியே வளர்ந்தவள். மனசு கேட்கவில்லை. அந்தத் திணறலை வெட்டிவிட்டு ஒரு பிரதி எடுத்து இரண்டாவது கணினியில் ஏற்றினாள். பெயர் கிளம்புகிற இடத்தில் சரியாக நிறுத்தி வைத்தாள். பொத்தானைத் தட்டி அதை ஓடவிட்டால் போதும், பையன் தடங்கலே இல்லாமல் பேசிவிடுவான்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்து வீடியோவை ஓட்டினாள். திரையில் தம்பி, மேடையில் தம்பி, பக்கத்தில் டீச்சர். திக்கித் திக்கி ஆரம்பித்தாலும் அழகாகத்தான் பேசினான். பேருந்தில் அவளை முதலில் பார்த்ததைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. அப்புறம் அந்த இடம் வந்தது.

திரையில் வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் நின்றது.

ஒரு இருமல். ஒரு முணுமுணுப்பு. பெண்ணின் சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். “என்னம்மா, கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சா? எதையாவது தட்டி விடும்மா!”

பின்வரிசையில் சிரித்தார்கள். மேடையில் தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பைக் கேட்டு அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. விரல் தானாக இரண்டாவது பொத்தானுக்குப் போனது.

“தட்டிடும்மா, பாவம்” என்றார் கணவர் காதோரமாக.

அதற்குள் மேடையில் டீச்சர் எழுந்துவிட்டாள். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல், மைக்கே தேவைப்படவில்லை.

“உக்காருங்க சித்தப்பா. ஹேங்கெல்லாம் ஆகல. அவர் வந்துட்டிருக்காரு. நான் எப்பவும் காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நீங்களும் கொஞ்சம் இருங்க.”

சித்தப்பா உட்கார்ந்தார். மண்டபம் கப்சிப் என்றாகிவிட்டது. அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். திரும்பப் போய்விடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் மடக்கி மடியில் அழுத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த தம்பி பேச வராமல் தவிக்கும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமா!

வந்தது. பெயர் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது.

டீச்சர் திரையைப் பார்த்தே பதில் சொன்னாள். “இங்கதான் இருக்கேன்.” அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரிப்பும் கூடவே வந்தது.

எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்ததும் தம்பி மேஜைக்கு வந்தான். இரண்டாவது கணினியை எட்டிப் பார்த்தான்.

“இதுல வெ... வெட்டினதுதானே வச்சிருந்த?”

அக்கா திருதிருவென்று விழித்தாள். “ஆமாண்டா. உனக்கெப்படித் தெரியும்?”

“உன்னைத் தெ... தெரியாதா? ஆனா நீ த...”

அங்கே நின்றுவிட்டது. ‘தட்டல’ என்பதுதான் வார்த்தையோ என்னவோ, அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டு, எதிரே தானும் உட்கார்ந்தாள்.

ஏதோ பாட்டுப் போடச் சொல்லிக்கொண்டு வந்த சித்தப்பாவைக் கையமர்த்திவிட்டு, தம்பியின் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.